செராத்திங்கில் மூன்று இரவுகள்

பள்ளி விடுமுறை முடிந்ததும் காலை நிகழ்ச்சியில் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விடுமுறைக்கு எங்கே போனீங்க?" தொலைபேசி இணைப்புகள் நிரம்பிவிடும். நேயர்கள் சொல்லும் பதில்களுக்கு ஒரே சுருதிதான். "பினாங்குக்குப் போனோம். தண்ணீர்மலை, கொடிமலை, பத்து ஃபெரிங்கி, அப்புறம் பட்டர்வொர்த்துல சொந்தக்காரங்க வீடு, வர்ற வழியில ஈப்போ, கல்லுமலைக் கோயில், அப்படியே கேமரன் மலை." மூன்று நாளில் ஏழெட்டு இடம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் ஒரு கணம் பேச்சு நிற்கும். வானொலியில் ஒரு கணம் என்பது மிக நீளம். பிறகு வரும் பதில்: "நல்லா இருந்துச்சு, ஆனா ஒரே அலைச்சல்."

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை கிடைக்கும் விடுப்பு, வாடகைக்கு எடுத்த வேன், கூடவே பெரியம்மா, சித்தப்பா குடும்பங்கள். கொடுத்த காசுக்கு எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் வரத்தான் செய்யும். ஆனாலும் பட்டியல் போட முடியாத ஓர் ஊருக்குப் போய் வந்த பிறகு எனக்கு இதை எழுதத் தோன்றியது. பகாங் மாநிலத்தின் வடகோடியில், திரங்கானு எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் செராத்திங் அந்த ஊர்.

கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாகக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் குவாந்தான் வரை சுமார் 250 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இன்னும் 45 கிலோமீட்டர் அளவு. கெபெங் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது, தவறான பாதையில் வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். பிறகு தென்னைகள் தொடங்கும். பழைய பெரிய சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒற்றைத் தெருதான் ஊர். மரக்குடில்கள், நாலைந்து சாப்பாட்டுக் கடை, பாத்திக் பட்டறை, வாசலில் அலைச்சறுக்குப் பலகைகள் சாய்ந்து கிடக்கும் கடைகள், குறுக்கே நடக்கும் கோழிகள். மீனவக் கம்பமாக இருந்த ஊர் இது. முதுகில் பையைச் சுமந்து வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கம்பத்து மக்கள் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்துச் சோறும் போடத் தொடங்க, அதுவே ஊரின் தொழிலாகிவிட்டது. ஆசியாவின் முதல் கிளப் மெட் விடுதியும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. மதில் போட்ட கடற்கரை எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். மூன்று இரவு, ஒரே குடில், ஒரே கடற்கரை. கிளம்பும்போதே அம்மாவுக்குச் சந்தேகம்.

"அங்க என்னா இருக்கு?"

"கடல் இருக்கும்மா."

"கடலை மூணு நாளா பாக்கப் போறோம்?"

அம்மா மெந்தகாப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் பால் மரம் வெட்டப் போனார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலை. தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். அறுபத்து நான்கு வயதில் முட்டி வலி வந்து உட்காரச் சொன்னது, ஆனால் உட்காரத் தெரியவில்லை. அப்பா போன பிறகு இன்னும் மோசம். காலையில் துடைத்த தரையை மாலையிலும் துடைப்பார். அம்மா வீட்டுக்கு விடுமுறை என்று நான் போகும் நாள்களில்தான் அவருக்குச் சமையல் வேலை இரட்டிப்பாகும். கோலாலம்பூரிலேயே இருந்தால் என் வீட்டுக் குளிர்பெட்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். ஆகவே சமையலறையே இல்லாத குடிலாகத் தேடிப் பிடித்தேன்.

அம்மாவின் பிள்ளைப் பருவத்துக்கும் கடலுக்கும் இடையே நூற்றைம்பது கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. ஆனால் அவர் கடலைப் பார்த்தது ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் எல்லா ஆண்டும் இல்லை. தோட்டத்தில் காசு சேர்த்து லோரி பிடிப்பார்கள். முதல் நாள் இரவே புளிச்சோறு கட்டி, விடியுமுன் ஏறி, குவாந்தான் தெலுக் செம்பெடாக்கில் போய் இறங்குவார்கள். ஆண்கள் தண்ணீரில் விழுவார்கள். பெண்கள் பாயை விரித்துச் சோற்றுப் பானையைக் காவல் காப்பார்கள். கணுக்காலுக்கு மேல் நனைந்தால் "கடல் இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்று பாட்டியின் குரல் வரும். மாலையில் லோரி திரும்பிவிடும். கடற்கரை என்றால் அம்மாவின் நினைவில் புளிச்சோறும் அவசரமும்தான்.

செராத்திங்கில் முதல் நாள் மாலை கொஞ்சம் தடுமாற்றம்தான். குடிலுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் அம்மா படுக்கை விரிப்பை உதறி மடித்துவிட்டார், வாசல் மணலைக் கூட்டிவிட்டார். பிறகு என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். நானும் கைப்பேசியை எடுத்து வைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நொடிக்கு நொடி பேச்சை நிரப்பிச் சம்பளம் வாங்குகிறவளுக்கும் சும்மா இருப்பது சுலபமாக வராது.

எங்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தது கடல்தான். இந்தக் கரை சரிவு குறைந்தது. நீர் வற்றும்போது கடல் வெகு தூரம் பின்வாங்கி, ஈர மணல் பெரிய திடலாக விரிந்துவிடும். குட்டி நண்டுகள் மணலைத் தின்று, உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தை மிளகளவு உருண்டைகளாக உருட்டி வைத்திருக்கும். வளையைச் சுற்றி அந்த உருண்டைகள் கதிர் கதிராகப் பரவிக் கிடப்பது, யாரோ உட்கார்ந்து போட்ட கோலம் போலவே இருக்கும். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும். மறுபடியும் இறக்கம், மறுபடியும் கோலம். அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போகும். ஆகவே இன்று காலை நடந்த நேரத்தில் நாளையும் நடக்கலாம் என்று திட்டம் போட முடியாது. கடைக்காரர்களைக் கேட்டால் எப்போது வற்றும் என்று சொல்வார்கள். இரண்டாம் நாள் முதல் எங்கள் கடிகாரம் அதுவாகிவிட்டது.

அந்த இரண்டாம் நாள் அதிகாலை, கிழக்குக் கரை ஆயிற்றே, சூரியன் கடலிலிருந்தே எழும். சவுக்கு மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு அம்மா கைலியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நீர் வற்றிய மணலில் நடந்தார். ஓரடி ஆழம்கூட இல்லாத இடத்தில் மெல்ல உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முட்டி வலிக்கு இதமாக இருக்கிறது என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலை வந்து இடுப்பைத் தொட்டுப் போயிற்று. ஒன்றும் பேசவில்லை.

பசியாற எங்கே போவது என்பது செராத்திங்கில் பெரிய கேள்வியே இல்லை. சாலையோரக் கடைகளில் காலையில் நாசி டாகாங் கிடைக்கும். அரிசியைப் புளுட் அரிசியோடு கலந்து, ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சின்ன வெங்காயமும் வெந்தயமும் சேர்த்த சோறு. தொட்டுக்கொள்ளத் தொங்கோல் மீன் குழம்பு. அம்மா முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்: "வெந்தயம் போட்டிருக்காங்க!" கடைக்கார அம்மாளிடம் தன் தோட்டத்து மலாயில் விசாரித்தார். அவர் "ஹல்பா" என்று சொல்லிச் சிரித்தார். அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். நாம் பழைய வழக்கமாக இட்லி மாவில் போடுவதை அவர்கள் சோற்றில் போடுகிறார்கள். அதன் பிறகு இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு, பேரப்பிள்ளைகள் எத்தனை, முட்டி வலிக்கு என்ன மருந்து. நான் எண்ணிய எந்தச் சுற்றுலா இடமும் அம்மாவுக்கு இந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருக்காது.

மாலையில் கெரோப்போக் லெக்கோர். மீன் சதையை அரைத்துச் சவ்வரிசி மாவோடு பிசைந்து, நீளமாக உருட்டி, வெந்நீரில் வேகவைத்து எடுப்பார்கள். வெட்டிப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. எல்லை தாண்டிச் சுக்காய்ப் பக்கம் போனால் சாத்தார்: தேங்காய்ப்பூவோடு பிசைந்த மீனை வாழையிலையில் முக்கோணமாக மடித்துத் தணலில் சுடுவது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் செராத்திங் கொஞ்சம் கஷ்டம்தான். குவாந்தானில் நம் கடைகளில் வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

பாத்திக் பட்டறையில் நாமே துணியில் வரையலாம். செப்புக் கிண்ணம் பொருத்திய சாந்திங் என்ற எழுதுகோலில் சூடான மெழுகை ஊற்றிக் கோடு இழுக்க வேண்டும். மெழுகுக் கோடு எங்கும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் அந்த இடைவெளியில் சாயம் அடுத்த கட்டத்துக்குள் ஓடிவிடும். என் பூவிலிருந்து நீலம் நாலாபக்கமும் ஓடியது. அம்மா புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டார். ஒரு சொட்டுச் சாயம்கூட எல்லை தாண்டவில்லை. சொல்லிக்கொடுத்த இளைஞர் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செராத்திங் ஆறு ஊரின் ஓரமாக வந்து கடலில் கலக்கிறது. பகலில் படகில் போனால் அலையாத்தி மரங்களின் கிளையில் சுருண்டு கிடக்கும் பாம்பு, கரையில் வெயில் காயும் உடும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம். இருட்டிய பிறகு அதே ஆற்றில் மின்மினிகள். நிலா இல்லாத, மழை இல்லாத இரவாக இருந்தால் நல்லது. படகோட்டி கரையை ஒட்டி இயந்திரத்தை நிறுத்தினார். பேச வேண்டாம், கைப்பேசி வேண்டாம் என்றார். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மரம் முழுவதும் மினுக்கியது. அவர் ஒரு சிறு விளக்கை விட்டு விட்டு எரிய வைத்தார். மரத்திலிருந்து சில பூச்சிகள் பிரிந்து மிதந்து படகுக்கு வந்தன. ஒன்று அம்மாவின் முந்தானையில் உட்கார்ந்தது.

அந்த ஒளி அவற்றின் பேச்சு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வது அந்த மினுக்கலால்தான். புழுப் பருவத்தில் அவை ஆற்றோரச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளரும். ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையைச் சுத்தம் செய்தாலும் போச்சு. மரம், சேறு, நத்தை, இருட்டு நான்கும் வேண்டும். நான்கில் நம்மைப் போன்றவர்கள் மிக எளிதாகக் கெடுத்துவிடக்கூடியது இருட்டு. ஒரு கைப்பேசி விளக்குப் போதும், அந்தப் பேச்சில் குறுக்கிட.

திரும்பும் வழியில் அம்மா தானாகப் பேசினார். பால் மரம் வெட்ட விடியற்காலையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கும். அப்போது தோட்டத்து ஓடைப் பக்கம் மின்மினி நிறைய இருக்குமாம். "பாத்திருக்கேன். ஆனா நின்னு பாத்ததில்ல. நின்னா மண்டோர் சத்தம் போடுவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது வருசம் இருட்டுல வேலைக்குப் போயிருக்கேன் பாப்பா. இருட்டைப் பாக்கறதுக்குன்னு இன்னைக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்திருந்தால் நான் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். படகில் சொல்ல ஒன்றும் இல்லை.

செராத்திங்கை அடுத்த செண்டோர் கரையில் மீன்வளத் துறையின் ஆமைச் சரணாலயம் இருக்கிறது. பச்சை ஆமைகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அதிகமாகக் கரையேறும். இரவில் ஏறிவந்து, பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். கரையில் விளக்கு இருந்தால் அந்தப் பக்கம் போய்ச் செத்துவிடும். குஞ்சு ஆமைகளைக் கடலில் விடும் வேளையில் நாங்கள் அங்கே இருந்தோம். உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று, மூன்று முறை அலை புரட்டிப் போட்டும் நாலாவது முறை கடலுக்குள் போயிற்று.

இதே கடற்கரை வரிசையில் இன்னும் வடக்கே, திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவுக்குத் தோல்முதுகு ஆமைகள் முட்டையிட்டன. இன்று அவை வருவதே செய்தி. முட்டை பொறுக்கியதும், வலைகளில் சிக்கியதும், விளக்கும் கூட்டமும் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அந்தக் காலத்தில் முட்டையிடும் ஆமையின் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. திரங்கானு 2022-இல்தான் எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை போட்டது. செண்டோரில் நிற்கும்போது எனக்கு இந்தக் கணக்கு மனத்தில் ஓடியது. ஓய்வாக இருக்கப் போகிற ஊர் ஓய்வாகவே இருக்க வேண்டும் என்றால், போகிறவர்களும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சொந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மாலை ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து பாயை விரித்தது. நம்மவர்கள்தான். கையடக்க ஒலிபெருக்கியை மணலில் நட்டார்கள். கடற்கரை முழுக்கக் குத்துப்பாட்டு. பாட்டுப் போட்டுச் சோறு தின்கிறவள் நான். பாட்டின்மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து என் குரலே வந்திருந்தாலும் நான் எழுந்துபோய் நிறுத்தச் சொல்லியிருப்பேன். நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். அவர்களிடம் என்ன பேசினார் என்று தெரியவில்லை. சத்தம் நின்றது. போன கையோடு ஒரு தட்டு கேசரியும் கொண்டுவந்தார்.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அலை உயரும். அலைச்சறுக்கு வீரர்கள் அதற்காகவே இங்கே வருகிறார்கள். கம்பத்துப் பையன்கள் பலகைமேல் நிற்கும் அழகைக் கரையிலிருந்து நாள் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் சிவப்புக் கொடி பறக்கும்போது இறங்கக் கூடாது. கடலுக்குள் திரும்பும் நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். பாட்டியின் பயம் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாம். டியூஷனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு போதும்.

கடைசி நாள் காலை அம்மா குடிலைக் கூட்டவில்லை. கதவைத் திறந்து போட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். "இரு, தண்ணி வத்தட்டும்" என்றார்.

வீடு திரும்பி மூன்று வாரம் ஆயிற்று. போன வாரம் இரவு அம்மா அழைத்தார். சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்துக்கொண்டே பேசுவது காதில் விழுந்தது. மின்மினிக்கு நிலா இல்லாத ராத்திரிதானே நல்லது என்று அந்தப் படகுக்காரப் பையன் சொன்னானே, அடுத்த அமாவாசை சனிக்கிழமை வருகிறது என்றார்.

"அப்ப சனிக்கிழமை போவோம்மா."

"சனிக்கிழமை எப்படிப் போறது? அன்னைக்கு அப்பாவுக்குப் படைக்கணும், நான் சைவம். ஞாயித்துக்கிழமை கிளம்பினா இருட்டாவும் இருக்கும், மீனும் சாப்பிடலாம்."